ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு வரலாறு: வட சிலாங்கூர் இருப்புப்பாதையும் தமிழர் வாழ்வும்

முன்னுரை

தஞ்சோங் மாலிமில் புறப்படும் கொமுட்டர் மின்தொடர்வண்டி கோலக்குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங், குவாங், சுங்கை பூலோ எனத் தெற்கு நோக்கி இறங்கிக் கோலாலம்பூரைத் தொட்டு, பின்னர் மேற்கே திரும்பிக் கிள்ளான் துறைமுகத்தில் முடிகிறது. வடபகுதியில் அதன் கிழக்குச் சாளரங்களில் தித்திவங்சா மலைத்தொடர் தொடர்ந்து வரும். மறுபுறம் நிலம் மெல்லத் தாழ்ந்து, செம்பனைத் தோட்டங்களின் ஊடே கோலசிலாங்கூர்க் கடற்கரை நோக்கிச் செல்லும். வேலைக்குச் செல்வோரும் கல்லூரி மாணவரும் நாள்தோறும் ஏறி இறங்கும் இவ்வண்டியை நாம் நகரின் அன்றாட ஊர்தியாக மட்டுமே எண்ணுகிறோம்.

அவ்வண்டி ஓடும் தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலம் சரியாக ஒரு மீட்டர். உலகின் பெரும்பகுதி வழங்கும் 1,435 மில்லிமீட்டர் அகலத்தோடு ஒப்பிட்டால் இது குறுகிய பாதை. மலையும் காடும் நிறைந்த குடியேற்ற நாடுகளில் செலவைச் சுருக்குவதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட அகலம் அது. அத்தகைய பாதை ஒன்று இன்று ஒரு தலைநகரின் புறநகர் வண்டி வலைக்குள் வாழ்கிறது.

இவ்வுரையில் நாம் அந்த ஒரு மீட்டர் அகலத்தையே அளவுகோலாகக் கொண்டு, வட சிலாங்கூர்த் தமிழரின் வரலாற்றை அளந்து பார்க்க முயல்வோம். பாதையைத் திட்டமிட்டோரின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. மண் வெட்டி, கட்டை சுமந்து, தண்டவாளம் பதித்தோரின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்றவை சில ஊர்ப்பெயர்களும் சில சொற்களுமே. அவற்றையாவது நாம் பதிந்துவைத்தோமா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

அகலத்தைத் தீர்மானித்தது எது?

பாதையின் அகலம் குறையக் குறையக் கட்டுமானச் செலவு குறையும். குறுகிய பாதைக்கு மலைச்சரிவில் வெட்டவேண்டிய மண் குறைவு, குடையவேண்டிய சுரங்கம் சிறியது, பாலம் இலேசானது. வளைவுகளையும் கூர்மையாக அமைக்கலாம் என்பதால், மலையைப் பிளக்காமல் அதனைச் சுற்றிச் செல்லலாம். இதற்கு ஈடாக வண்டியின் வேகமும் சுமையும் குறையும். வணிகச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதையே முதல் நோக்கமாகக் கொண்ட ஆட்சிக்கு அவ்விழப்பு பெரிதாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் இந்த அகலம் இருவேறு முகங்களைப் பெற்றது. ஒன்று மலைமுகம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறக்கப்பட்டு, 1908இல் உதகமண்டலத்தை எட்டிய நீலகிரி மலை இரயில் மீட்டர் பாதையே. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 16 சுரங்கங்களைக் கடந்து ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்து ஏற்றம் இருப்பதால், தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுமாறு அமைத்தனர். 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

மற்றொன்று நகர்முகம். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் தொடங்கிய மின்தொடர்வண்டிகளும் இதே ஒரு மீட்டர் அகலத்தில்தான் ஓடின. அலுவலகம் செல்வோரையும் மாணவரையும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்த அவ்வண்டிகள் 2004இல் நிறுத்தப்பட்டன. அகலப் பாதை அவ்விடத்தைப் பெற்றது.

ஆக, தமிழகத்தில் மலைப்பாதை ஒருபுறமும் நகர்ப்பாதை மற்றொருபுறமுமாகப் பிரிந்து நின்றன. மலைக்காக ஏற்பட்ட குறுகிய பாதை நகரின் அன்றாடப் போக்குவரத்தில் கலந்துவிடுவதும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1884இல் தொடங்கிய மீட்டர் அகலப் பற்சக்கர இரயில் இன்றும் நகர மக்களை மேட்டுப் பகுதிக்கு ஏற்றிச் செல்கிறது. மும்பையின் புறநகர் வண்டிகள் நின்று செல்லும் நேரல் நிலையத்திலிருந்தே மாத்தேரான் மலைக்கான இரண்டடி அகலப் பாதை புறப்படுகிறது. வட சிலாங்கூரின் பாதை பற்சட்டம் வேண்டும் அளவுக்கு ஏறுவதில்லை; மலையின் அடிவாரத்தை ஒட்டியே செல்கிறது. ஆயினும் மலையடியையும் மாநகரையும் ஒரே குறுகிய தடத்தில் இணைக்கும் இயல்பால் அது இவற்றின் இனத்தைச் சேர்ந்ததே.

கடலின் இருகரையிலும் ஒரே அகலம்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அதனை அமைப்பதில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைப்பிரிவினர் ஈடுபட்டனர். அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், சிலாங்கூர் தன் முதல் பாதையைப் பெற்றது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை சென்ற அப்பாதை ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லப் பிறந்தது. 1890இல் ஆற்றின் மேல் பாலம் அமைந்து வண்டி கிள்ளான் நகரை அடைந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இங்கே மாணவர்கள் ஒரு பயணத்தை மனக்கண்ணில் காணவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளி அல்லது தஞ்சாவூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கங்காணியுடன் புறப்பட்ட ஒருவர் நாகப்பட்டினத்துக்கு இரயிலில் வந்திருக்கக்கூடும். நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளிப் பாதை 1860களின் தொடக்கத்தில் அகலப் பாதையாகப் போடப்பட்டு, 1875இல் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. அவர் அங்கிருந்து கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட நாள்கள் கழிந்தபின் மீண்டும் இரயில் ஏறினார். புதிய நாடு, புதிய மரம், புதிய மொழிகள். தண்டவாளத்தின் அகலம் மட்டும் ஊரில் கண்டதே.

இதனை வெறும் தற்செயலாகக் கொள்ளலாகாது. இரு கரைகளும் ஒரே பேரரசின் கணக்கேட்டில் இருந்தன. இரண்டிலும் செலவைச் சுருக்கும் அதே சிந்தனை செயல்பட்டது. குறுகிய பாதை மலிவானது. அதனை அமைத்த உழைப்பு அதனினும் மலிவானது. 1910 வரை ஒப்பந்தக் கூலி முறையாகவும், பின்னர் 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை கங்காணி முறையாகவும் அவ்வுழைப்பு தென்னகத்திலிருந்து தருவிக்கப்பெற்றது.

மலையடிப் பாதை

கோலாலம்பூரிலிருந்து வடக்கே சென்ற பாதை 1892இல் ரவாங்கை எட்டியது. 1893இல் செரண்டாவையும் 1894இல் கோலக்குபுவையும் அடைந்தது. பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்படத் தொடங்கியதும் 1892ஆம் ஆண்டிலேயே. பாதை வடக்கே நீண்ட காலமும் சிலாங்கூரில் தமிழர் வழிபாடு வேரூன்றிய காலமும் ஒன்றே என்பது ஆசிரியர்கள் வகுப்பில் சுட்டிக்காட்டத்தக்க செய்தி.

கோலக்குபு அந்நாளில் மலைக்கு வாயிலாக விளங்கியது. பகாங்கின் ரவுப்புக்கும் கோல லிப்பிசுக்கும் செல்லும் சடக்கு அங்கிருந்தே மலையேறியது. அதாவது, இருப்புப்பாதை மலையின் அடிவாயிலில் நின்றுகொண்டது. அதற்கப்பால் சடக்கே ஏறிச் சென்றது. 1901இல் பேராக், சிலாங்கூர் இரயில் நிருவாகங்கள் ஒன்றாக்கப்பட்டு, கூட்டு மலாய் மாநில இரயில்வே உருவானது. 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை தண்டவாளம் இடையறாது நீண்டது. ஈயத்துக்காகப் பிறந்த பாதை விரைவில் கித்தாவுக்குரிய பாதையாயிற்று. இரப்பர் விலை உயர்ந்த நாள்களில் பாதையின் இருமருங்கும் காடழிந்து தோட்டமானது.

இவ்வமைப்பில் தமிழர் இரு தட்டுகளில் நின்றனர் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் பாதைப் பராமரிப்புக் குழுக்களிலும் பட்டறைகளிலும் உழைத்தனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இரு பகுதிகளும் இரயில்வே குடியிருப்புகளையும் பட்டறையையும் சுற்றியே தமிழர் பகுதிகளாக வளர்ந்தன. முதல் தட்டினரின் பெயர்கள் அரசிதழ்களிலும் பணிப்பட்டியல்களிலும் கிடைக்கும். இரண்டாம் தட்டினர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே கணக்கில் வந்தனர். ஒரே மொழி பேசிய இவ்விரு தட்டினரின் வரலாறுகளும் ஒரே அளவில் எஞ்சவில்லை. எழுத்தறிவு எவ்வாறு நினைவைக் காக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.

தோட்டத்துத் தண்டவாளம்

பெரிய பாதையிலிருந்து கிளைகளும் பிரிந்தன. குவாங்கிலிருந்து பத்து ஆராங்குக்குச் சென்ற கிளை, 1915இல் உற்பத்தியைத் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு உரியது. மலாயாவின் இரயில் எஞ்சின்களுக்கும் மின்நிலையங்களுக்கும் அச்சுரங்கத்தின் கரி எரிபொருளாயிற்று. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கும் மேற்கே கோலசிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் பெர்ஜுந்தை இருக்கிறது. 2007இல் அவ்வூர் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அவ்வட்டாரத்தில்தான் மலேசிய வேளாண்மையின் திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. பிரெஞ்சுத் தோட்டக்காரரும் எழுத்தாளருமான ஹென்றி ஃபோகோனியே 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கு உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். உலகச் சந்தைக்குச் செம்பனை எண்ணெய் வழங்கும் ஒரு பெருந்தொழிலின் பிறப்பிடம் இன்றளவும் ஒரு தூய தமிழ்ச் சொல்லைத் தாங்கி நிற்கிறது. ஆங்கில நூல்களும் மலாய் நூல்களும் அச்சொல்லை அப்படியே எழுதுகின்றன. அதன் பொருளை அவற்றைப் படிப்போருக்கு விளக்கும் பொறுப்பு தமிழறிந்த நம்முடையது.

கடலோரக் களிமண் நிலத் தோட்டங்களில் பெரிய இரயிலைக் காட்டிலும் சிறிய இரயில் ஒன்று ஓடியது. மழைக்காலத்தில் அந்நிலம் சேறாகும். பாரவண்டியின் சக்கரம் புதையும். செம்பனைக் குலையோ வெட்டியபின் காத்திருக்காது. அடிபட்ட பழத்தில் கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே போகும். எண்ணெயின் தரம் குறைந்துகொண்டே போகும். ஆகவே குலைகளை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்ப்பது நலம். இதற்கென மீட்டர் பாதையினும் குறுகிய, இலேசான தண்டவாளங்களைத் தோட்டத்துக்குள் பதித்தனர். சிறிய எஞ்சின்கள் இழுத்த கூண்டுவண்டிகள் குலைகளைச் சுமந்து ஆலையை அடைந்தன. சில ஆலைகளில் குலைகள் அதே கூண்டுகளோடு நீராவிக் கலனுக்குள் தள்ளப்பட்டு வெந்தன. பின்னர்ச் சாலைகள் செம்மையுற்று, உழுவண்டிகளும் லாரிகளும் வந்தபோது, அத்தண்டவாளங்கள் படிப்படியாகப் பெயர்த்தெடுக்கப்பட்டன.

பெரிய இரயிலின் வரலாறு ஆண்டறிக்கைகளில் உள்ளது. தோட்டத்துச் சிறிய இரயிலின் வரலாறோ, அதனை ஓட்டியவர், அதன் பாதையைச் செப்பனிட்டவர், குலை ஏற்றிய பெண்கள், அதன் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரின் நினைவில்தான் உள்ளது. அவர்களுள் பலர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள்.

மலையில் புதைந்த பாதை

ஒரு மீட்டர் அகலத்தின் வரலாற்றில் மிகக் கொடிய பகுதி மலாயாவுக்கு வெளியே நிகழ்ந்தது. 1942இல் ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாதை அமைக்க முனைந்தது. அதுவும் மீட்டர் பாதையே. மலைத்தொடரைக் குடைந்தும், ஆற்றங்கரைப் பாறைகளைச் செதுக்கியும், மூன்று பகோடாக் கணவாய் வழியாகச் சென்ற அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதற்காக மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. அகலம் ஒன்றாயிருந்ததால் இரும்பை அப்படியே மாற்றிப் பதிக்க முடிந்தது.

இரும்பைப் போலவே மனிதரையும் பெயர்த்தெடுத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பெறும் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் அரிசியும் இல்லாது தவித்த தோட்டங்களிலிருந்து சிலர் கூலியை நம்பிச் சென்றனர். பலர் வலிந்து கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் முகாம்களைச் சூறையாடின. சென்றோரில் மிகப் பலர் திரும்பவில்லை. அதனாலேயே நம் மக்கள் வாயில் அதற்குச் சயாம் மரண இரயில் என்ற பெயர் நிலைத்தது. அதே பெயரில் ஆர். சண்முகம் எழுதிய நாவல் மலேசியத் தமிழ் இலக்கியத்தில் அத்துயருக்கு ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு யாவும் பொறிக்கப்பட்டுள்ளன. இறந்த படைவீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு இருந்ததே அதற்குக் காரணம். தோட்டத்துத் தொழிலாளிக்கு அத்தகைய பதிவேடு இல்லை. அவர் பெயரை அறிந்த பதிவேடு, லயத்தில் காத்திருந்த குடும்பத்தின் நினைவு ஒன்றுதான். ஆகவே நம் வீட்டுப் பெரியவர் ஒருவர், தம் தந்தையின் உடன்பிறந்தார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று கூறும் ஒரு வரியை, நாம் முதன்மைச் சான்றாகவே மதிக்கவேண்டும்.

நகரின் வண்டி

போருக்குப் பின் பாதை மீண்டும் ஓடியது. நாடு விடுதலை பெற்றது. 1950களிலும் அதன் பின்னரும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அடுத்துவந்த பத்தாண்டுகளில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்ட குடும்பங்கள் பட்டணத்தின் ஓரங்களை அடைந்தன. தோட்டத்தை நோக்கி மக்களை ஏற்றிச் சென்ற பாதை, அவர்தம் பேரப்பிள்ளைகளைத் தோட்டத்திலிருந்து நகரை நோக்கி ஏற்றிச் செல்லத் தொடங்கியது.

1995இல் கே.டி.எம். கொமுட்டர் மின்தொடர்வண்டிச் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியபோது, அதன் வடக்கு எல்லை ரவாங். இரட்டைப் பாதையும் மின்மயமும் வடக்கே நீண்டபின், 2007இல் ராசாவுக்கும், 2008இல் கோலக்குபு பாருவுக்கும், 2009இல் தஞ்சோங் மாலிமுக்கும் அச்சேவை விரிந்தது. 2010இல் பத்துமலைக் கிளையும் கொமுட்டர் வலையில் சேர்ந்தது. தைப்பூச நாள்களில் அங்கு இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்றன. தஞ்சோங் மாலிமிலோ, 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. தமிழ்மொழி கற்பிக்கப் பயிலும் மாணவர்களும் அங்குள்ளனர். நம் ஆசிரியர் பலர் மலையடியிலுள்ள அவ்வூருக்கு இதே பாதையில் சென்று கற்றவர்கள்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குவோம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து தஞ்சோங் மாலிம் வரை செல்லும் இன்றைய கொமுட்டர் தடம், நூறாண்டுக்கு முன் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர் மலையடித் தோட்டங்களுக்குச் சென்ற அதே வழி. அவர்கள் செல்லுமிடம் அறியாமல் சென்றனர். நாம் கைப்பேசியில் நேரம் பார்த்துச் செல்கிறோம். வழி மாறவில்லை; அகலம் மாறவில்லை.

ஆயினும் அவ்வலை எல்லாரையும் அணைத்துக்கொள்ளவில்லை. மலையடியூர்கள் நகரோடு இணைந்தன. கோலசிலாங்கூர் நகருக்கோ பெஸ்தாரி ஜெயாவுக்கோ இன்று பயணியர் வண்டி இல்லை. கட்டப்பட்டு வரும் கிழக்குக்கரை இரயில் திட்டத்தின் பாதை செரண்டா, புஞ்சாக் ஆலாம், காப்பார் வழியாகக் கிள்ளான் துறைமுகம் செல்கிறது. புஞ்சாக் ஆலாம் கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். மாவட்டத்துக்குள் ஒரு புதிய அளவு நுழைகிறது. பழைய அளவோடு கட்டுண்ட நினைவுகளைப் பதிவுசெய்ய இதுவே தக்க தருணம்.

சொற்களே எஞ்சிய ஆவணம்

மொழிப் பணியாற்றும் நமக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட கடமை ஒன்று உண்டு. தோட்டமும் இரயிலும் நம் பேச்சில் ஒரு தனிச் சொல்வளத்தை உண்டாக்கின. சாலையைச் சடக்கு என்றனர். இரப்பரைக் கித்தா என்றனர். பால் வடியும் கிண்ணத்தை மங்கு என்றனர். விடியலில் ஆள் எடுக்கும் கூட்டம் பெரட்டு ஆயிற்று. கிராணி, மண்டோர், லயம், ஆயாக்கொட்டகை என ஒவ்வொரு சொல்லும் ஒரு வாழ்க்கை முறையைச் சுட்டுகிறது. மலாய், இந்துஸ்தானி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலிருந்து வந்து, தமிழ் ஒலிக்கு இசைந்து நின்ற சொற்கள் இவற்றுள் பல. சிலர் இவற்றைக் கொச்சை என ஒதுக்குவர். நாம் அக்கருத்தை ஏற்கவில்லை. தூய சொல்லைப் போற்றுவது வேறு; மக்கள் வரலாற்றைத் தாங்கிய சொல்லைப் பதிவுசெய்வது வேறு. முன்னது நம் எழுத்துக்கு உரிய நெறி. பின்னது நம் ஆய்வுக்கு உரிய நெறி. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

எனவே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மூன்று பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தோட்டத்துச் சிறிய இரயிலில் உழைத்த முதியோரை நேரில் கண்டு கேட்டறிதல். அந்த எஞ்சினை அவர்கள் என்ன பெயரால் அழைத்தனர்? குலை ஏற்றும் கூண்டுக்கு என்ன சொல்? தண்டவாளம் கிளை பிரியும் இடத்துக்கு என்ன சொல்? வண்டி தடம்புரண்டால் என்ன சொல்லிக் கூவினர்? இத்தகைய வினாக்களுக்கு நூலகத்தில் விடை தேடுவது அரிது. ஒரு பிற்பகல் உரையாடலில் அது கிடைக்கக்கூடும்.

இரண்டாவது, ஊர்ப்பெயர்களைத் தொகுத்தல். தென்னமரம் போன்று தமிழ் வழங்கிய பெயர்களும், தோட்டங்களின் அதிகாரப் பெயருக்கு அப்பால் மக்கள் வழங்கிய பெயர்களும் பல உள. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகும்போது முதலில் மறைவது அப்பெயரே. ஒரு வரைபடத்தில் பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதுவது ஒரு வகுப்பு மாணவர் சேர்ந்து செய்யத்தக்க பணி.

மூன்றாவது, சயாமுக்குச் சென்றோரின் பெயர்களை எழுதிவைத்தல். குடும்பத்தில் நினைவுகூரப்படும் பெயர், புறப்பட்ட தோட்டம், திரும்பினாரா இல்லையா என்னும் மூன்று செய்திகள் போதும். குடும்பத்தாரின் இசைவோடு அவற்றைத் தொகுத்தால், கல்லில் இல்லாத பெயர்கள் தாளிலாவது நிலைபெறும்.

நிறைவுரை

நீலகிரியின் மீட்டர் பாதை உலக மரபாகப் போற்றப்படுகிறது. சென்னையின் மீட்டர் பாதை நினைவில் மட்டும் வாழ்கிறது. சயாமின் மீட்டர் பாதையில் ஒரு பகுதியில் இன்றும் வண்டி ஓடுகிறது. அதனைக் காணப் பல நாட்டார் செல்கின்றனர். வட சிலாங்கூரின் மீட்டர் பாதையோ மரபுச் சின்னமும் இல்லை. நினைவுச் சின்னமும் இல்லை. அது உழைத்துக்கொண்டே இருக்கிறது. வரலாறு அன்றாடமாகிவிட்ட இடத்தில் அதனைக் காண்பது அரிது. ஆதலால் கற்பிப்பதும் அரிது.

அடுத்த முறை ரவாங்கிலோ செரண்டாவிலோ வண்டிக்காகக் காத்திருக்கும்போது, மாணவர்கள் அத்தண்டவாளங்களின் இடைவெளியைச் சற்று நோக்குவார்களாக. ஒரு மனிதர் இரண்டு அடி எடுத்து வைத்தால் கடந்துவிடும் தூரம் அது. அவ்விடைவெளியில்தான் நம் முன்னோர் கட்டை அடுக்கினர், கல் கொட்டினர், சிலர் உயிரும் நீத்தனர். அவர்கள் பெயரை இனி நாம் எழுதுவோம். எழுதுவதற்கு வேண்டிய மொழி நம்மிடம் இருக்கிறது. சொல்வதற்கு உரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.